பதினேழாம் எண் கடையின் வலது பெருவிரல்

அங்காளம்மாவுக்குக் கைரேகை இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, தேய்ந்துபோயிற்று. முப்பது வருடமாகச் செதில் உரித்து, உப்புத் தண்ணீரில் ஊறி, உடைத்த ஐஸை வெறும் கையால் அள்ளி, அவளுடைய பத்து விரல் நுனிகளும் கூழாங்கல் மாதிரி வழுவழுப்பாகிவிட்டன. அதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் கரைக்கு வந்து எத்தனை மணி நேரமாயிற்று என்று சொல்வதற்கு ரேகை தேவைப்படவில்லை.

முடிச்சூர் சாலையில் புதிய மீன் அங்காடி கட்டி முடித்த பிறகுதான் தேவைப்பட்டது.

இருபத்திரண்டு வருடமாக அவள் கடை போடுவது அதே சாலையில், நிரந்தரமாக மூடிக் கிடக்கும் ஒரு சைக்கிள் கடையின் வாசலில். விடிவதற்கு முன்னால் கானத்தூர் கரையில் ஏலம் எடுப்பாள். சோழிங்கநல்லூர், மேடவாக்கம் என்று வண்டி மாறி, ஏழரை மணிக்குக் கூடையை இறக்குவாள். எல்லாம் பழகிவிட்டது, தண்ணீரைத் தவிர. மீன் கடைக்குத் தண்ணீர் ஓயாமல் வேண்டும். எதிர்த்த சந்திலிருந்து குடம் குடமாகத் தூக்கி வர வேண்டும். இடுப்பு விட்டுப்போய் எட்டு வருடமாகிறது.

புதிய அங்காடியில் நாற்பது கடைகள். ஒவ்வொன்றிலும் சாய்வான கருங்கல் மேடை, கழிவுநீர் ஓடக் கால்வாய், மேலே கூரை, மேடையை ஒட்டி ஒரு குழாய். அங்காளம்மா கட்டட வேலை நடக்கும்போதே உள்ளே போய் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு வந்தாள். பதினேழாம் எண் கடை. அதற்குப் பிறகு குடம் தூக்கும்போதெல்லாம் அந்தக் குழாய்தான் அவள் கண்ணில் நின்றது.

அங்காடி திறந்ததும் சாலையோரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று அறிவித்தார்கள். கடை வேண்டுமானால், ஏற்கெனவே சாலையில் விற்றுக்கொண்டிருப்பவர்களுக்கே முன்னுரிமை. ஆனால் அவர்கள் 'இணையத்தில் இணைந்த குடிமக்கள்' என்ற சான்று வைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றைத் தருவது 'அனைவரும் இணையத்தில் இயக்ககம்'. இணையத்துக்கு வெளியே நிற்கிற எளிய மக்களைக் கைபிடித்து உள்ளே அழைத்து வருவது அதன் குறிக்கோள். உள்ளே வர விரும்புகிறவர்கள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அங்காளம்மா நேரில் போனாள். கையில் ஒயர் கூடை. அதற்குள் வாழையிலையில் சுற்றிய இரண்டு கிலோ கொடுவா மீன். மாலையில் ஞானஜோதி டீச்சர் வீட்டில் கொடுக்க வேண்டியது. கீழே வைத்துவிட்டுப் போனால் பூனை கொண்டுபோய்விடும் என்பதால் கூடையோடு போனாள்.

இயக்ககம் ஜிஎஸ்டி சாலையில் ஒரு புதிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. வாசலில் காவலாளி தடுத்தார்.

"டோக்கன் இருக்காம்மா?"

"இல்லப்பா. எங்க குடுப்பாங்க?"

"யாரும் குடுக்க மாட்டாங்க. செவுத்துல கட்டம் கட்டமா ஒட்டியிருக்குதே, அத்த போன்ல போட்டோ புடிச்சா டோக்கன் வரும்."

அவள் இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் உறையில் கட்டிய போனை எடுத்துக் காட்டினாள். பட்டன் போன். காவலாளி அதைத் துயரமாகப் பார்த்தார்.

"இத்த வச்சிக்கினு இங்க இன்னாத்துக்கு வந்தே?"

"இத்த வச்சிக்கினு கீறவங்களுக்குத்தானே இந்த ஆபீஸே?"

காவலாளி யோசித்துவிட்டுத் தன் போனிலேயே படம் பிடித்து டோக்கன் எடுத்துக் கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு.

மேலே போனதும் ஓடிபி கேட்டார்கள். ஓடிபி மிக எளிமையான, அழகான ஏற்பாடு. நீங்கள் சொல்லும் போன் எண் உங்களுடையதுதானா என்று கணினிக்குத் தெரியாது. அதனால் அது ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை அந்தப் போனுக்கு அனுப்புகிறது. போன் உங்கள் கையில் இருந்தால் எண்ணைப் படித்துச் சொல்வீர்கள், இல்லாவிட்டால் விழிப்பீர்கள். வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாதே என்று பத்து நிமிடத்தில் அது செல்லாமல் போய்விடும். இதில் குறை சொல்ல எதுவுமில்லை.

அந்தக் கட்டடத்தில் மட்டும் ஒரு சிறு சிக்கல். நவீனமாகத் தெரிய வேண்டும் என்று வெளிச்சுவர் முழுக்கப் பளபளக்கும் அலுமினியத் தகடு பதித்திருந்தார்கள். போனுக்கு வருகிற அலை ஒளியைப் போலத்தான். உலோகத் தகட்டில் பட்டால் திரும்பிப் போய்விடும். ஆகவே நகர மக்களை இணையத்தில் சேர்க்கிற அந்த அலுவலகத்துக்குள் யாருடைய போனுக்கும் எதுவும் வராது. ஓடிபி எல்லாம் கீழே டீக்கடையில்தான் வரும். டீக்கடைக்காரர் 'ஓடிபி இங்கு வரும்' என்று பலகையே எழுதி மாட்டியிருந்தார்.

லிஃப்டுக்கு அலுவலர் அட்டை வேண்டும். படி அறுபத்தாறு. அங்காளம்மா இறங்கினாள், ஓடிபி வந்தது, ஏறினாள், அதற்குள் அவள் டோக்கனைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மறுபடி டோக்கன், மறுபடி படி. மூன்றாவது முறை டீக்கடைக்காரரே வழி சொன்னார். "நீ மேலயே நில்லுக்கா. போன என்கிட்ட குடுத்துட்டுப் போ." எண் வந்ததும் அவர் கீழேயிருந்து கத்தினார்; முதல் மாடிப்படி ஜன்னலில் நின்றவர் அதைக் கேட்டு மேலே கத்தினார்; இரண்டாம் மாடிக்காரர் உள்ளே கத்தினார். பிறருக்குச் சொல்லக் கூடாத அந்த ரகசிய எண் ஜிஎஸ்டி சாலை பஸ் ஸ்டாப் வரை கேட்டது. கணினி அதை ஏற்றுக்கொண்டு, 'உங்கள் தனியுரிமை பாதுகாக்கப்பட்டது' என்றது.

நான்காம் எண் மேசையில் இருந்தவள் பிளஸ்ஸி. முப்பத்திரண்டு வயது, பொறியியல் படிப்பு, ஒப்பந்த வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பேரை இணையத்தில் சேர்க்க வேண்டும்; தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அன்று மாலை நாலே முக்கால் வரைக்கும் முப்பத்தொன்பது.

"விரல் வைங்கக்கா."

அங்காளம்மா வைத்தாள். சிவப்பு விளக்கு. அடுத்த விரல். சிவப்பு. பத்தும் சிவப்பு.

"நல்லா தொடச்சிட்டு வைங்கக்கா."

"தொடைக்க இன்னாம்மா கீது? அதான் ஒண்ணுமே இல்லியே."

"கண்ணை ஸ்கேன் பண்ற மெஷின் ஒண்ணு இருக்கு. ஆனா அது திருநீர்மலை கேம்ப்புக்குப் போயிருக்கு. போய் நாலு மாசம் ஆச்சு."

இதற்குள் சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஐந்து மணிக்கு இயக்குநர் ஜெயவேலு எல்லா ஊழியர்களுக்கும் தினமும் உரையாற்றுவார். இன்று சற்று முன்னதாகவே தொடங்கிவிட்டார்.

"நண்பர்களே, இணையத்தில் சேர முடியாதவர்கள் புகார் செய்வதற்காக நாம் ஓர் இணையதளம் தொடங்கி இன்றோடு இரண்டு ஆண்டுகள். இந்த இரண்டு ஆண்டுகளில் அந்தத் தளத்தில் ஒரே ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை என்பதைப் பெருமிதத்தோடு அறிவிக்கிறேன்."

மேசைகளில் கைதட்டினார்கள். பிளஸ்ஸியும் ஒரு கையால் மேசையைத் தட்டினாள். இன்னொரு கை கணினியில் இருந்தது. அங்காளம்மா கைக்குட்டை எடுக்கலாம் என்று ஒயர் கூடையை மேசைமேல் தூக்கி வைத்தாள். ஈரத்தில் ஊறிப்போயிருந்த வாழையிலை கிழிந்தது. கொடுவா வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, பக்கவாட்டில், ரேகைக் கருவியின் கண்ணாடிமேல் படுத்தது.

பச்சை விளக்கு எரிந்தது.

அங்காளம்மா மீனை எடுக்கப் போனாள். பிளஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எடுக்காதீங்க."

"இன்னாம்மா?"

"அப்படியே இருக்கட்டும். தரம் தொண்ணூத்தாறு காட்டுது. காலைலேர்ந்து யாருக்குமே எழுபதைத் தாண்டல."

"அது கொடுவாம்மா."

"எனக்குத் தெரியுதுக்கா. சிஸ்டத்துக்குத் தெரியல."

இது மாயமும் அல்ல, கருவியின் கோளாறும் அல்ல. ரேகைக் கருவிக்கு விரல் என்றால் என்னவென்று தெரியாது. கண்ணாடியில் ஒளி பாய்ச்சுகிறது. மேடாக அழுந்திய இடம் ஒரு மாதிரியும் பள்ளமாக விலகிய இடம் வேறு மாதிரியும் தெரிகிறது. அந்தக் கோடுகளைப் படம் எடுக்கிறது. அவ்வளவுதான். மீன் செதிலைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் மரத்தின் வளையங்களைப் போல வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய மேடுகள் இருக்கும். மீன் வளர வளரச் செதிலும் ஒவ்வொரு கோடாக வளர்கிறது. கொடுவாவின் செதில் பெரியது, ஏறக்குறைய நம் பெருவிரல் நுனி அளவு. உழைத்துத் தேயாத, சுத்தமான கோடுகள். இப்படி ஒரு விரலுக்காகத்தான் அந்தக் கருவி பிறந்ததிலிருந்து காத்திருந்தது.

'எந்த விரல்?' என்று திரை கேட்டது. பத்து விரல்களின் பெயர்கள் பட்டியலில் இருந்தன. பிளஸ்ஸி மீனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு 'வலது பெருவிரல்' என்று அழுத்தினாள்.

ஒலிபெருக்கியில் இயக்குநர் உரையை முடித்தார். "இன்றும் மேசைக்கு நாற்பது. யாரும் விடுபடவில்லை."

சான்று அச்சாகி வந்தது. பதினேழாம் எண் கடை. கீழே சிறு எழுத்தில் ஒரு நிபந்தனை: கடையை வேறு யாருக்கும் கைமாற்றவில்லை என்று உறுதிசெய்ய, முதல் பதினைந்து நாளும் காலை எட்டு மணிக்கு உரிமையாளர் கடையிலிருக்கும் கருவியில் விரல் வைக்க வேண்டும். ஒருநாள் தவறினாலும் கடை ரத்து. பதினைந்து நாள் முடிந்தால் கடை நிரந்தரம். பிறகு விரலே தேவையில்லை.

"அப்ப இந்த மீன்…" என்றாள் அங்காளம்மா.

"வித்துடாதீங்கக்கா," என்றாள் பிளஸ்ஸி. மார்க்கர் பேனாவால் மீனின் விலாவில், எந்தச் செதில் பதிவானதோ அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தாள்.

ஞானஜோதி டீச்சர் முடிச்சூர் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாக அங்காளம்மாவிடம்தான் மீன். கொடுவா ஏன் கிடைக்காது என்பதை அவள் வாசலில் நின்று சொல்லி முடித்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ இது உன் விரல்."

"ஆமா டீச்சர்."

"விரலை எப்படிக் குழம்பு வைக்கிறது? சரி, நாளைக்கு ஷீலா மீன் கொண்டா. என் பையனுக்கு வித்தியாசம் தெரியாது, வெளிநாட்டுலேயே இருந்து நாக்கு செத்துப்போச்சு."

முதல் நாள் எட்டு மணிக்கு அங்காளம்மா கடைக் கருவியில் கொடுவாவை வைத்தாள். பச்சை. 'வணக்கம் அங்காளம்மா' என்றது. அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள். ஐந்து தடவை திறந்து மூடிவிட்டுத்தான் மேடையைக் கழுவ ஆரம்பித்தாள்.

இரண்டாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை. முழு மீன் எதற்கு? வட்டம் போட்ட செதிலை மட்டும் பெயர்த்துத் தன் விரலில் ஒட்டிக்கொண்டால் போதாதா? பெயர்ப்பதற்கு முன்னால் நல்லவேளையாகப் பக்கத்துச் செதிலை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். 'உயிருள்ள விரலை வைக்கவும்' என்றது கருவி. அதுவும் சரிதான். ரப்பர் விரல் செய்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அதற்காகக் கோட்டுக்குப் பின்னால் ஈரமான சதை இருக்கிறதா என்று கருவி பார்க்கும். பெயர்த்த செதிலில் அது இல்லை. செத்த கொடுவாவில் இருந்தது.

இன்னொரு கொடுவாவை வைத்துப் பார்த்தாள். 'பொருந்தவில்லை.' ஒரு மீனின் வளையம் இன்னொரு மீனுக்கு வராது. சொல்லப்போனால் அந்தக் கருவி ஒருமுறைகூடத் தவறு செய்யவில்லை.

ஆகவே அந்த ஒரு மீனை, அதன் சதையோடு, பதினைந்து நாள் காப்பாற்ற வேண்டும். பகலெல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்தாள். ஐஸ் கடைக்காரரிடம் சொல்லி இரவில் உறைய வைத்தாள். உறைந்த மீனை வைத்தால், 'விரல் மிகவும் குளிர்ந்துள்ளது. இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்கவும்' என்று வந்தது. அதனால் ஏழு மணிக்கே வந்து, குழாய்த் தண்ணீரில் காட்டி, உள்ளங்கையால் தடவித் தடவிக் குளிர் எடுக்க வேண்டியிருந்தது. உறைந்து உருகி உறைந்து உருகும் மீன் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தாம் நாள் கண் உள்ளே போயிற்று. ஆறாம் நாள் செவுள் பழுப்பாகி நூல் நூலாக வந்தது. ஏழாம் நாள் வயிறு வெடித்தது. ஊசி நூல் எடுத்துத் தைத்தாள். கடைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். வாழ்நாளில் ஒரு கெட்ட மீன் விற்றறியாதவளின் கடையிலிருந்து, அங்காடியிலேயே மோசமான நாற்றம் கிளம்பியது.

எட்டாம் நாள் பிளஸ்ஸியிடம் போனாள். காவலாளி கூடையைப் பார்த்ததும் டோக்கன் கேட்கவில்லை. வழிவிட்டுத் தள்ளி நின்றார்.

"இத்த மாத்திக் குடும்மா. பேஜாராப் போச்சு. சோறு எறங்கல. இந்தக் கையாலயே தின்னணும் இல்ல."

பிளஸ்ஸி துப்பட்டாவால் மூக்கை மூடியபடி கணினியைத் தட்டிப் பார்த்தாள். "திருத்தம் பண்ணணும்னா முதல்ல பழைய விரல் சம்மதிக்கணும்க்கா. அது போனப்புறம் புது விரல் வைக்கணும். உங்க விரல் எடுக்காது. பழசும் போயிடும், புதுசும் வராது."

"அப்ப மீனுன்னு எழுதிக் குடு. உண்மையச் சொல்லு."

"எங்க எழுதறது? விவரம் எழுத இடமே இல்ல. எல்லாம் பட்டியல்லேர்ந்து எடுக்கிறதுதான்." குரலைத் தாழ்த்தினாள். "அப்படியே எழுதினாலும் என்னைத்தான் முதல்ல தூக்குவாங்க. எனக்குப் பெரிய ஐடி கம்பெனி வேலைன்னு எங்க மாமியார் சர்ச் முழுக்கச் சொல்லி வச்சிருக்காங்க. எட்டு நாள் தாங்கிட்டீங்க. இன்னும் ஏழு நாள்தானேக்கா?"

அங்காளம்மா கூடையை எடுத்துக்கொண்டு அறுபத்தாறு படியும் இறங்கினாள்.

பத்தாம் நாள் இயக்குநர் ஜெயவேலு அங்காடிக்கே வந்தார். கூடவே உதவியாளர், இரண்டு கேமராக்காரர்கள், ஒரு பொன்னாடை. நகரில் அதிகத் தரத்தோடு பதிவான ரேகை எது என்று தேடியதில் பதினேழாம் எண் கடை முதலிடத்தில் வந்திருந்தது. பயனாளியைக் கௌரவிக்க வேண்டும்.

எட்டு மணிக்கு அங்காளம்மா தைத்த வயிற்றோடு கொடுவாவைத் தூக்கிக் கருவியில் வைத்தாள். மஞ்சள் நீர் கண்ணாடியில் வழிந்தது. கருவி பச்சையாக ஒளிர்ந்து வணக்கம் சொன்னது. கேமராக்காரர்களில் ஒருவர் ஓடிப்போய்க் கால்வாயில் வாந்தி எடுத்தார். இயக்குநர் மூன்று விநாடி அசையாமல் நின்றார். அந்த மூன்று விநாடியில் அவர் கணக்கிட்டது என்ன என்பதை ஊகிக்கலாம்: இது மீன் என்று ஒப்புக்கொண்டால், மற்ற எட்டு லட்சம் விரல்களையும் யாராவது எட்டிப் பார்ப்பார்கள்.

"அருமை," என்றார்.

உதவியாளர் காதருகே வந்தார். "சார், பொன்னாடை யாருக்கு?"

"பயனாளிக்கு."

"பயனாளி யாரு சார்?"

இயக்குநர் திரையைப் பார்த்தார். "பொருந்தியவருக்கு."

பொன்னாடையை மீன்மேல் போர்த்தினார்கள். இயக்குநர் கேமராவைப் பார்த்து, கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார். "விரல் எப்படி இருக்கிறது என்று பார்த்தது பழைய நிர்வாகம். விரல் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பது புதிய நிர்வாகம். இந்த எளிய பயனாளியின் உடல்நிலை எப்படியிருந்தாலும், நம் அமைப்பு அவரைக் கைவிடவில்லை."

அங்காளம்மா முன்னால் வந்து நின்றாள். "ஐயா, நான்தான் அங்காளம்மா. உசிரோட உங்க எதிர்ல நின்னுகினு கீறேன். உங்க கண்ணால பாக்கறீங்க இல்ல? நீங்களே ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்களேன். இந்த நாஸ்தியத் தூக்கிக் கடாசிடறேன்."

இயக்குநர் கனிவோடு சிரித்தார். "அம்மா, நான் பார்த்தேன் என்பது சான்று ஆகாது. நான் மனிதன். மனிதன் தவறு செய்வான்."

போகும்போது பொன்னாடையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று உதவியாளர் தயங்கினார். அதன் நிலையைப் பார்த்துவிட்டு விட்டுப் போனார்.

பதினான்காம் நாள். காலை வருகை பதிவாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு காலை பாக்கி. பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் டெனிஸ் வந்தார். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். நேராக ஐஸ் பெட்டியைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார். படம் எடுக்க மறுபடி திறந்தார்.

"அக்கா, இது அழுகிப்போச்சு."

"தெரியும் சார். விக்கறதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு வச்சிருக்கீங்க?"

"அது என் விரல் சார்."

அவள் சொன்னதையெல்லாம் டெனிஸ் பொறுமையாகக் கேட்டார். சான்றைப் படித்தார். மார்க்கர் வட்டத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது.

"நாளைக்கு எட்டு மணி வரைக்கும் வுடுங்க சார். எட்டே கால் மணிக்கு நானே குழி தோண்டிப் பொதைச்சிடறேன். என் புள்ளைங்க மேல சத்தியம்."

"எனக்கும் விட்டுடலாம்னுதான் தோணுதுக்கா. ஆனா படம் ஏறிடுச்சு. அரை மணி நேரத்துல அழிச்சேன்னு காட்டலைன்னா இந்த டேப்லெட் என்னையே சஸ்பெண்ட் பண்ணிடும்." டேப்லெட்டை அவள் பக்கம் நீட்டினார். "அழிக்கிறதுக்கு முன்னாடி உரிமையாளர் சம்மதம் வேணும். இதுல விரல் வைக்கணும்."

அங்காளம்மா தன் வலது பெருவிரலை வைத்தாள். சிவப்பு.

பிறகு அவள் குனிந்து, இரண்டு கையாலும் கொடுவாவைத் தூக்கினாள். தையல் விட்டுப்போய்ப் பாதி அவள் புடவையில் விழுந்தது. மிச்சத்தை டேப்லெட்டில் சாய்த்து, வட்டம் போட்ட இடத்தை அழுத்தினாள். அழுத்தாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். சம்மதம் தராத கடைக்கு அங்கேயே சீல் வைக்க வேண்டும் என்று திரையின் அடுத்த வரியில் எழுதியிருந்தது.

பச்சை. 'தன்னை அழிக்க உரிமையாளர் சம்மதித்தார்.'

டெனிஸ் பிளீச்சிங் பவுடர் கொட்டி, குழியில் போட்டு மூடிவிட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு போனார்.

பதினைந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு அங்காளம்மா பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தாள். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை வைத்தாள். எட்டே கால் ஆயிற்று.

மதியம் பிளஸ்ஸி போன் செய்தாள். டீக்கடை வாசலிலிருந்து பேசினாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. "அக்கா, கடை ரத்தாயிடுச்சு. அது மட்டும் இல்ல. சுகாதாரத் தகவலையும் எங்க தகவலையும் ஒண்ணா இணைக்கிறதுக்கு மூணு வருஷமா வேலை பார்த்தாங்க. நேத்துதான் இணைஞ்சுது. உரிமையாளர் அழிக்கப்பட்டார்னு அங்கேர்ந்து வந்ததும் இங்க தானாவே மாறிடுச்சு."

"இன்னான்னு?"

"நீங்க இறந்துட்டீங்கன்னு."

"யாரும்மா அடக்கம் பண்ணது?"

"டெனிஸ் சார்னு போட்டிருக்குக்கா."

பதினேழாம் எண் கடை இப்போது 'இணைய உதவி மையம்'. தொடுதிரை ஒன்று வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மின்கருவிக்கு ஈரம் ஆகாது என்பதால் அந்தக் குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே, நகரின் இணைய வளர்ச்சியைச் சொல்லும் பெரிய பேனர். நூறு சதவீதம். அங்காளம்மாவைக் கழித்த பிறகும் நூறுதான்.

அவள் மறுநாள் பழைய சைக்கிள் கடை வாசலிலேயே கூடையை இறக்கினாள். ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி வந்தது. வண்டிக்காரர் அவள் போன் எண்ணைக் கேட்டுத் தன் கையிலிருந்த கருவியில் தட்டிப் பார்த்தார், மறுபடி தட்டினார், அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல நீ செத்துட்டேன்னு கீதும்மா. ஆனா உறுதி ஆகல, நிலுவைல கீது."

"அப்ப?"

"செத்தவங்கள ரோட்லேர்ந்து எழுப்ப எனக்கு ஆர்டர் இல்ல. உசிரோட கீறேன்னு ஆனா எழுப்பலாம். செத்தது உறுதியானா அள்ளிக்கினு போவலாம். நடுவுல எதுவும் பண்ண முடியாது." வண்டி போய்விட்டது.

அன்று முதல் தினமும் காலை எட்டு மணிக்கு அவள் போனுக்கு ஒரு செய்தி வருகிறது. இன்றும் வந்தபோது ஞானஜோதி டீச்சர் பையோடு எதிரில் நின்றார். அங்காளம்மாவின் கை நிறையச் செதில். டீச்சரே பிளாஸ்டிக் உறையோடு போனை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார்.

"'அன்புள்ள அங்காளம்மா, தங்கள் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். அதை உறுதிசெய்ய ஓடிபி நாலு, ஏழு, பூஜ்யம்…' முழுசும் படிக்கட்டுமா?"

"வோணாம் டீச்சர். வூட்ல யாரும் இல்லன்னு சொல்லுங்க."

"இல்லைன்னு பதில் அனுப்ப இதுல வழியில்லையே."

"அப்ப கெடக்கட்டும்."

சந்திலிருந்து தூக்கி வந்த குடத்தை அவள் சாய்த்துக் கையைக் கழுவினாள். கூடையிலிருந்து ஒரு கொடுவாவை எடுத்து, செவுளைத் தூக்கிக் காட்டினாள். ரத்தச் சிவப்பு. கரைக்கு வந்து மூன்று மணி நேரம்தான் இருக்கும்.

"பையன் இன்னும் ஊர்ல கீறாரா?"

"ஞாயித்துக்கிழமை கிளம்புறான்."

"அப்ப இத்த எடுத்துக்கினு போங்க. அன்னிக்குக் குடுக்க முடியாம போனது." அவள் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதில் உரிக்க ஆரம்பித்தாள். சுத்தமான வட்டம் வட்டமான செதில்கள் சாலையில் தெறித்தன. டீச்சர் துண்டு எப்படி வேண்டும் என்று சொன்னார். தலை தனியாக வேண்டும் என்றார். முட்டை இருந்தால் எறிந்துவிடாதே என்றார்.

அவள் வெட்டி, கழுவி, பையில் போட்டுக் கட்டிக் கொடுப்பதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டது. போனிலிருந்த அந்த எண் செத்துப்போயிற்று.